கடியாரக்காரர் போட்ட நிபந்தனை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முள் வைப்பது, கேஸ் மூடுவது, டெஸ்ட்டிங் எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். நான் இந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வரவேற்பறையில் முன்பு அவர் படம் இருந்தது. பெயின்ட் அடிக்கும்போது கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை.

அவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் சார் என்போம். ஆம்பூர் பஜாரில் கடியாரக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தோல் வியாபாரக் குடும்பம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரி, சித்தப்பாவுக்கு ஷூ கம்பெனி. இவர் மட்டும் வெளியூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி, பைபாஸ் ஓரத்தில் இந்தக் கட்டடத்தைக் கட்டினார். தூசியும் தோல் வாடையும் நிறைந்த ஊரில் போய் யாராவது கைக்கடிகாரம் செய்வார்களா என்று அவருடைய சித்தப்பாவே சிரித்தாராம். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து பெண்களை எடுத்தார். பெரும்பாலும் டேனரித் தொழிலாளிகளின் மகள்கள். நானும் அப்படி வந்தவள்தான். என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர், விரல் நுனியெல்லாம் வெந்து போயிருக்கும். நான் முதல் பேட்ச். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்து, லைன் சூப்பர்வைசராகி, கடைசியில் உற்பத்திப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொண்டேன்.

லைன் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்த சமயத்தில் ஒரு லாட் கடிகாரம் முழுவதும் திரும்பி வந்தது. கையில் கட்டிய சில நாட்களிலேயே கண்ணாடிக்குள் ஆவி படிகிறது என்று புகார். பின்மூடிக்கு அடியில் வைக்கிற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அது துளி பிசகினால் போதும், வியர்வை உள்ளே போய்விடும்.

எங்களிடம் அதிகமாக வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியின் அதிகாரி அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார். லைனில் நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, இது எந்த பெஞ்சில் நடந்தது, அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசலாம் என்றார். பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை.

சார் சத்தமே போடாமல் சொன்னார். "எந்த பெஞ்சுன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். வந்த மாலு மொத்தத்தையும் பிரிச்சு மாட்டித் தர்றேன். அடுத்த ஆர்டர் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அந்த அதிகாரி போன பிறகு சார் ஷம்ஷாத்தைக் கூப்பிட்டார். என் பக்கத்து பெஞ்சில் இருந்தவள், எங்கள் பேட்ச்சிலேயே வேகமான கை. என்னையும் உடன் வரச் சொன்னார். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, "இன்னிக்கு இன்னா நாளு, படி" என்றார். அவள் இரண்டடி முன்னால் போனாள். "நின்ன எடத்துல இருந்து படிம்மா." அவள் படிக்கவில்லை. அழுதுகொண்டே, "ஊட்ல சொல்லிடாதீங்க சார்" என்றாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். பார்வை மங்க மங்க, கையின் உணர்விலேயே வளையத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சார் வேலூரிலிருந்து கண் டாக்டரை வரவழைத்து எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வைத்தார். ஷம்ஷாத் மட்டுமல்ல, லைனில் பல பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. விஷயம் தெரிந்து மறுநாள் அம்மாக்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஷம்ஷாத்தின் அம்மாதான் முன்னால்.

"வேலைக்கு அனுப்புனா கண்ணப் புடுங்கி வுட்டீங்களே பாய். இவளுக்கு இனிமே எவன் வருவான்?"

"நீ சொல்றதும் நியாயந்தாம்மா" என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடி போட்டால் என்ன குறைச்சல் என்று அவர் பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, இனி பெஞ்சில் உட்காருகிற எல்லோரும் கம்பெனி கொடுக்கிற கண்ணாடி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தேவைப்பட்டவர்களுக்குப் பவர், மற்றவர்களுக்கு வெறும் கண்ணாடி. ஸ்க்ரூ டிரைவர் மாதிரி அதுவும் ஒரு டூல். வேலை முடிந்தால் லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாம். யாருக்குப் பவர், யாருக்கு வெறும் கண்ணாடி என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஷம்ஷாத்துக்கு அடுத்த வருடமே வாணியம்பாடியில் நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகாமல் கணவனோடு இங்கேயே குடிவந்தாள்.

தப்பு நடந்தால் யார் என்று கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகு, அந்த ஆள் எதற்குப் பயந்து மறைத்தார் என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க நேரமில்லாதது போலத்தான் எப்போதும் இருக்கும். பக்கத்தில் ஒரு அதிகாரி நின்று கத்திக்கொண்டிருப்பார். அப்போதும் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நல்ல வருடங்கள் இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, வேலை இருந்தது, செய்தோம். பிறகு கையில் போன் வந்தது. மணி பார்க்கக் கடிகாரம் வேண்டாம் என்றானது. அதே பெரிய கம்பெனி ஒருநாள் ஆள் அனுப்பியது. இனி குறைந்த இடங்களில் இருந்துதான் வாங்கப்போகிறோம், சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தொழிற்பேட்டையில் இடம் ஏற்பாடு செய்கிறோம், அங்கே வந்துவிட்டால் பல வருடத்துக்கு ஆர்டர் உறுதி, வராவிட்டால் இந்த வருடத்தோடு சரி.

சாருக்கு ஒரே மகன். எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்திசாலி, தொழிலாளிகளிடமும் மரியாதையாகப் பேசுவார். அவருக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. அந்த அறையில் அன்று நானும் இருந்தேன். ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவும் மகனும் உருதுவில்தான் பேசிக்கொண்டார்கள். ஆம்பூரில் வளர்ந்தவளுக்கு அது புரியாமல் போகாது. வரக்கூடியவர்களை அழைத்துக்கொண்டு போகலாம், ஹாஸ்டல் கட்டலாம், இங்கே இருந்தால் கடைசியில் யாருக்குமே வேலை இருக்காது என்று மகன் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் சரி.

சார் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "கல்யாணம் ஆனதுங்க எத்தன பேரும்மா வரும்?"

"ஒருத்தரும் வர முடியாது சார்."

"நீ?"

"எங்க ஊட்டுக்காரருக்கு இங்க ஷூ கம்பெனில வேலை சார். மாமியார் வேற இருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். மகனிடம், நீ போ, உனக்குப் பங்கைப் பிரித்துத் தருகிறேன், நான் வரவில்லை என்றார். மகன் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு வெளியே போனார். அந்த வருடம் முடிவதற்குள் மகன் ஊரைவிட்டு அந்தத் தொழிற்பேட்டைக்கே போய்விட்டார். பெரிய கம்பெனியின் ஆர்டரும் அவரோடு போனது. கோபித்துக்கொண்டு போகவில்லை. அதுதான் சாரை அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன். சண்டை போட்டிருந்தால் சமாதானமாகியிருக்கலாம்.

அன்று மகன் வெளியே போன பிறகு நான் கேட்டுவிட்டேன். "சார், நாங்க எப்படியாவது பொழச்சுக்குவோம். நீங்க எதுக்கு இப்படிப் பிடிவாதமா இருக்கீங்க?"

டீ வந்தது, எனக்கும் கொடுக்கச் சொன்னார்.

"எங்க அப்பா டேனரில கழிவுத்தண்ணித் தொட்டியைக் கழுவ எறங்குன ரெண்டு பேரு மேல வரலம்மா. நான் அப்போ காலேஜு. லீவுல வந்திருந்தேன். மறுநாள் காலைல அவங்க ஊட்டுப் பொம்பளைங்க எங்க வாசல்ல வந்து நின்னாங்க. ஏதாச்சும் கேப்பாங்கன்னு அப்பா உள்ளாற உக்காந்துனு இருந்தாரு. அவங்க ஒண்ணும் கேக்கல. இன்னா கேக்கறதுன்னே தெரியாம நின்னாங்க. வெயில் ஏறுனதும் போய்ட்டாங்க."

டீயைக் குடித்து முடித்தார்.

"அன்னைக்கு அவங்க ஏதாவது கேட்டு நாங்க குடுத்திருந்தா, நான் இன்னைக்கு எங்க வேணும்னாலும் போயிருப்பேன்."



அடுத்து வந்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு உற்சாகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் செய்தோம். வெளியூர்க் கடைகளுக்கு ரிப்பேர் வேலை எடுத்தோம். கடிகாரமே இல்லாத மாதங்களில் கடிகாரத்துக்கான தோல் வார் தைத்தோம். அவர் ஆளைக் குறைக்க மாட்டேன் என்றார், எல்லோருக்கும் வேலை நாளைக் குறைத்தார். அதனால் எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டம். பாதிப் பேரை அனுப்பியிருந்தால் மீதிப் பாதி நன்றாக இருந்திருக்கும், போனவர்களும் ஷூ கம்பெனியில் சேர்ந்து நிலைத்திருப்பார்கள் என்று அப்போதே சில பேர் பேசினார்கள். இதில் எது சரி என்று உங்களுக்கு என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. இத்தனை காலம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரியும். ஆம்பூரில் அவர் பிறந்த வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வாடகை வீட்டுக்குப் போனார். அதை எங்களில் யாரும் அவரிடமிருந்து கேள்விப்படவில்லை, கறிக்கடையில்தான் கேள்விப்பட்டோம்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் சில நாள் வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போய் வருவார். போய் வந்த அன்றும் சாயந்திரம் லைனுக்கு வந்து ஒரு சுற்று நடப்பார். கை நடுங்கும், அதனால் எதையும் தொட மாட்டார். ஒருநாள் என்னிடம், "விக்கப் போறேம்மா" என்றார். வாங்க இரண்டு கம்பெனிகள் வந்தன. அதிகமாகக் கொடுக்க வந்தவர்கள் இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்கள். கம்மியாகக் கேட்டவர்கள் இங்கேயே நடத்தப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள்தான் இப்போது உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்.

பார்க்கிறோம் என்ற வார்த்தை அவருக்குப் போதவில்லை. தொழிற்சாலையை எப்போதும் இந்த ஊரைவிட்டு எடுக்கக் கூடாது என்று எழுதச் சொன்னார். அவர்களுடைய வக்கீல்கள் எப்போதும் என்று எழுத முடியாது, ஒரு எல்லை சொல்லுங்கள் என்றார்கள். அவர் யோசித்து ஒன்று சொன்னார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் கேன்டீனில் எங்களை உட்காரவைத்து அவரே அறிவித்தார். நின்று பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார்.

"முதல் பேட்ச்சுல சேந்தவங்கள்ல ஒருத்தராவது வேலைல இருக்கற வரைக்கும் பேக்டரி இங்கதான் இருக்கும். அவ்ளோதான் என்னால வாங்க முடிஞ்சது."

யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துபோனார். மையத்து எடுத்தபோது, அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. நாங்கள் எல்லோரும் யூனிபார்மோடு ரோட்டோரம் நின்றோம். மகன் முன்னால் தோள் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு நடை தடுமாறிற்று. பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.

புதிய கம்பெனி நன்றாகத்தான் நடத்தியது. ஏசி வந்தது, ஸ்மார்ட் வாட்ச் வந்தது, சம்பளம் முதல் தேதிக்கு வந்தது. சில வருடம் கழித்து முதல் பேட்ச்சுக்கு மட்டும் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம், வேறு எங்கேயும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். ஏன் எங்களுக்கு மட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. மகன் காலேஜ் சேர்கிறான் என்று ஒருத்தி போனாள். முதுகு வலி என்று ஒருத்தி போனாள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஷம்ஷாத் ஓய்வு வாங்கும்போது என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பெரியவளுக்கு நிக்காஹ் வெச்சிருக்கேன் ஜெயந்தி. வேற வழி தெரியல."

"போ ஷம்ஷா. நான் இருக்கேன் இல்ல."

"நீ மட்டும் எவ்ளோ நாளுக்கு இருப்ப?"

அதற்கு நான் அவளுக்கு டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். கடைசியில் முதல் பேட்ச்சில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்கு ஒரு பக்கம் வாதம் வந்தது. கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். மேடம் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். சின்னப் பெண், உங்கள் வயதுதான் இருக்கும். "வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே மேடம், இப்போதாவது அந்தத் திட்டத்தை யோசித்துப் பாருங்கள்" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், குரலில் தெரிந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு என் கணவர் கட்டிலில் படுத்தபடியே பேசினார். பாதி வார்த்தை குழறும், எனக்குப் புரியும்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல."

"போடாத. நம்ம பக்கத்து ஊட்டுப் பொண்ணு போன மாசம்தான் அங்க சேந்துது."

நாத்தனாரை வரவழைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய் வந்தேன். காலையில் முகம் துடைத்து, சோறு ஊட்டிவிட்டுப் பஸ் பிடிப்பேன். சாயந்திரம் வந்து அன்றைக்கு லைனில் நடந்ததைச் சொல்வேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அவர் போனது ஒரு பகலில். நான் அப்போது டெஸ்ட்டிங்கில் இருந்தேன். செக்யூரிட்டி வந்து போன் என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கையில் இருந்த பீஸை டிரேயில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

காரியம் முடிந்து மறுபடி வந்தேன். அதற்குப் பிறகு வேலையை விடுவதற்கு எனக்கு வீட்டில் காரணமே இல்லாமல் போனது. வயதுதான் இருந்தது. ஓய்வு நெருங்கியபோது ஒரு வருடம் நீட்டித்துத் தர முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். வாழ்க்கையில் எனக்காக நான் கேட்ட ஒரே சலுகை. அவர் எழுந்து நின்று, "விதியில் இடமில்லை மேடம்" என்றார். நிற்க வேண்டிய அவசியமில்லை, நின்றார். பிரிவு உபசாரம் நன்றாகச் செய்தார்கள். மாலை, சால்வை, எல்லோருக்கும் பிரியாணி.

நான் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது. உங்களுக்கு அது சேரும்போதே சொல்லியிருப்பார்கள். இங்கே பயிற்சி, அங்கே வேலை. இப்போது லைனில் இருக்கும் பெண்களில் வர முடிந்தவர்கள் வருவார்கள். மற்றவர்களில் சில பேர் ஷூ கம்பெனியில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வரமாட்டாள், அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

உங்களிடம் பேச வரச்சொல்லி மேனேஜர் போன் செய்தபோது நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இந்த இடத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றியது. மனசு ஆறாமல் சாருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். இன்னும் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறார். மகன் கூப்பிட்டும் போகவில்லை. கண் சரியாகத் தெரிவதில்லை, குரலை வைத்துக் கண்டுகொண்டு, "ஜெயந்தியா, வா" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீ இருந்த வரைக்கும் இருந்துச்சு இல்ல. போதும். அவரு கேட்டதே அவ்ளோதான்."

"எனக்கு மனசு கேக்கலம்மா. புதுசா வந்தவங்களுக்குப் பேசச் சொல்றாங்க. போகவே புடிக்கல."

"அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணுச்சு? அதுங்களும் ஊரை வுட்டு ஊரு போய்த்தான சோறு துன்னணும். போய் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு."

வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணிடம் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கேன் தண்ணீர்தான். டேனரிக் கழிவு நிலத்தில் இறங்கிவிட்டதால், எங்கள் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களும் குடிப்பதற்கு அதைத்தான் வாங்குகிறார்கள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தவர் கேட்டார்.

"அந்த ஊர்ல தண்ணி நல்லாருக்குமாம்மா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் போனதில்லை. நீங்கள் போனதும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.